கோடைத் தண்ணீர்

திருவள்ளூரை ஒட்டிய மணவாள நகரில் குடியிருப்பவர்களுக்கு ஆறு என்றால் கூவம்தான். சென்னைக்குள் அதன் பெயரைச் சொன்னாலே முகம் சுளிக்கிறார்கள். எங்கள் பக்கம் அது மணல் படுகை, நாணல், சீமைக்கருவேலம், மழைக்காலத்தில் சில வாரங்கள் ஓடும் செம்மண் தண்ணீர். மேற்கே கேசவரத்தில் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே ஓர் அணைக்கட்டு இருக்கிறது. அங்கே கதவைத் தூக்கினால் ஒரு பங்கு தண்ணீர் பிரிந்து கூவமாகி எங்கள் பாலத்தின் கீழே வரும். இறக்கி வைத்தால் தண்ணீர் கொசஸ்தலையிலேயே போய்ப் பூண்டி ஏரியில் விழும். எங்கள் ஊர் ஆற்றில் தண்ணீர் ஓடுவதும் ஓடாததும் மழையை மட்டும் பொறுத்ததல்ல, யாரோ ஒருவர் சுற்றும் ஒரு சக்கரத்தையும் பொறுத்தது. அப்படிச் சக்கரம் சுற்றுகிறவர்களோடும், எப்போது சுற்றுவது என்று முடிவெடுக்கிறவர்களோடும்தான் என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி கழிந்தது.

பொதுப்பணித் துறையின் நீர்வளப் பிரிவில் பொறியாளராக இருந்தேன். ரயில் நிலையம் பக்கம், பூண்டிக்கும் பஸ் உண்டு என்பதால் மணவாள நகரில் வாடகைக்கு வீடு பிடித்தேன். பிறகு இங்கேயே மனை வாங்கி, வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, ஓய்வும் பெற்றாயிற்று. என்னிடம் ஏரியைப் பற்றிக் கேட்பவர்கள் எல்லாரும் ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கோ நினைவில் ஆழமாக நிற்பவை கோடையில் பெய்த பெருமழைகள். வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்து எல்லாரும் தயாராக இருப்பார்கள். யாரும் எதிர்பாராத மாதத்தில் தண்ணீர் வரும்போதுதான் ஏரி நிர்வாகம் என்பது என்ன வேலை என்று முழுதாகத் தெரியும்.

பூண்டி ஏரிக்கு அரசு வைத்த பெயர் சத்தியமூர்த்தி சாகர். சென்னை மேயராக இருந்த தீரர் சத்தியமூர்த்தி, நகரத்தின் தண்ணீர்ப் பஞ்சத்தைத் தீர்க்க வெள்ளைக்கார அரசோடு போராடி வாங்கிய திட்டம் அது. 1940-ல் அடிக்கல் நாட்டினார்கள். உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே கட்டி முடித்து 1944-ல் திறந்தார்கள். 1943-லேயே காலமாகிவிட்ட சத்தியமூர்த்தி அந்த ஏரியில் தண்ணீர் நின்றதைப் பார்க்கவில்லை. முதலில் அதன் கொள்ளளவு 2,573 மில்லியன் கன அடி. ஆந்திரத்திலிருந்து வரும் கிருஷ்ணா நீரைத் தாங்குவதற்காகத் தொண்ணூறுகளில் இரண்டடி உயர்த்தியதும் 3,231 ஆனது. முழு ஆழம் 35 அடி. கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்டால் 140 அடி.

3,231 என்பது கேட்பதற்குப் பெரிய எண். ஆனால் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். விநாடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 86,400 கன அடி. விநாடிக்கு 30,000 கன அடி வீதம் ஆறு வந்தால் ஒரு மணி நேரத்தில் 108 மில்லியன் கன அடி சேர்ந்துவிடும். அந்த வேகத்தில் அடி தெரியக் காய்ந்து கிடக்கும் பூண்டி ஏரி முப்பது மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். மேட்டூர் அணையின் கொள்ளளவு 93 டி.எம்.சி.க்கும் மேல், அதாவது 93,000 மில்லியன் கன அடிக்கும் மேல். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை ஆகிய ஐந்தையும் கூட்டினாலும் 11,757 மில்லியன் கன அடிதான், மேட்டூரில் எட்டில் ஒரு பங்கு. இந்த எட்டில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு, மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு டி.எம்.சி. கேட்கும் மாநகரத்துக்குத் தண்ணீரும் கொடுக்க வேண்டும், வெள்ளம் வந்தால் அதற்கு இடமும் கொடுக்க வேண்டும்.

நான் பூண்டியில் சேர்ந்த புதிதில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் ஒரு லஸ்கர். ஷட்டரை ஏற்றி இறக்குவது, கரையைச் சுற்றிப் பார்ப்பது, நீர்மட்டம் எடுப்பது என்று அணையில் உடம்பால் செய்யும் வேலை எல்லாம் லஸ்கர்களுடையது. அவர் என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். என்னை ‘சார்’ என்பார், நான் அவரைப் ‘பெரியவரே’ என்பேன். ஏரியின் நீர்மட்டத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை அவரிடம்தான் கற்றேன். அளவுகோல் சுவரில் வரைந்திருக்கும், எண்ணைப் பார்த்து எழுதிவிட்டு வரலாம் என்று நினைத்திருந்தேன். காற்று அடிக்கும் இரவில் அது அத்தனை சுலபமில்லை. அலை ஏறும்போது ஒரு எண்ணைத் தொடும், இறங்கும்போது வேறொரு எண்ணுக்குப் போகும். பெரியவர் டார்ச் வெளிச்சத்தை அளவுகோலில் நிறுத்திவிட்டு, ஒன்றும் பேசாமல் அலைகளைப் பார்த்துக்கொண்டே நிற்பார். பத்துப் பதினைந்து அலை போன பிறகு இரண்டுக்கும் நடுவில் ஓர் எண்ணைச் சொல்லி, “எழுதிக்குங்க சார்” என்பார். அகலமான ஏரியில் ஓர் அங்குலம் தப்பாகப் படித்தால் கணக்கில் பல மில்லியன் கன அடி தப்பாகிவிடும். அந்தத் தப்புக் கணக்கை நம்பி மேலே ஒருவர் உத்தரவு போடுவார், கீழே ஒரு கிராமம் அதன் பலனை அனுபவிக்கும். அவர் பத்து அலை பார்த்ததற்குக் காரணம் அதுதான்.

நான் பார்த்த முதல் பெரிய கோடை மழை 1996 ஜூனில் வந்தது. அப்போது திருவள்ளூர் தனி மாவட்டம் ஆகவில்லை, செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்தில் இருந்தோம், கலெக்டர் ஆபீஸ் காஞ்சிபுரத்தில். மே, ஜூன் மாதங்கள் எங்கள் துறைக்குப் பழுதுபார்க்கும் மாதங்கள். ஏரியில் தண்ணீர் இறங்கியிருக்கும்போதுதான் மதகுகளின் ரப்பர் சீலை மாற்ற முடியும், துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்க முடியும், பல்சக்கரங்களில் பழைய கிரீஸை வழித்தெடுத்துப் புதிதாகப் பூச முடியும். அந்த வருடம் வேலை இன்னும் கூடுதல். தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கண்டலேறு–பூண்டி கால்வாய் வழியாகக் கிருஷ்ணா நீர் வரப்போகிறது என்று எல்லாரும் காத்திருந்தோம். எம்.ஜி.ஆரும் என்.டி.ராமராவும் 1983-ல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அது. 177 கிலோமீட்டர் கால்வாயில் 25 கிலோமீட்டர் நம் பக்கம். ஊத்துக்கோட்டை எல்லையில் உள்ள ஜீரோ பாயின்டுக்கு அந்த செப்டம்பரில்தான் தண்ணீர் வந்து சேர்ந்தது.

ஜூன் நடுவில் மழை பிடித்துக்கொண்டது. சென்னை நுங்கம்பாக்கத்தில் ஒரே நாளில் முப்பது சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. கார்த்திகையில்கூட அபூர்வமான மழை அது. ஆனி பிறக்கும் நேரத்தில் அப்படிப் பெய்யும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? எங்கள் பிரிவில் ஒரு கால்வாய் மதகின் கதவைப் பழுதுபார்க்கக் கழற்றிப் போட்டிருந்தோம். வெளிப்பக்கம் தடுப்புப் பலகை மட்டும்தான் இருந்தது. வானம் இருட்டிய அன்றைக்கே அதைத் திரும்பப் பூட்டிவிட வேண்டும் என்று பெரியவர் ஒற்றைக்காலில் நின்றார். “வெயில் காலத்து மழைய நம்பக்கூடாது சார். நாளைக்கு நின்னாலும் நிக்கும். ஆனா வந்த தண்ணி வந்ததுதான். அதுக்குக் கதவு வேணும்” என்றார்.

அன்று இரவு மணவாள நகருக்குத் திரும்பவில்லை. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், மேலே தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு, கதவை அதன் தடத்தில் இறக்கினோம். ஷட்டரைத் தூக்குவது நீளமான ஒரு திருகுத் தண்டு. கைப்பிடியைச் சுற்றச் சுற்றக் கதவு மயிரிழை மயிரிழையாக நகரும். பெரியவர் சுற்றுகளை வாய்விட்டு எண்ணுவார். இத்தனை சுற்றுக்கு ஓர் அங்குலம் என்று அவருக்கு மனப்பாடம். பூட்டி முடித்ததும் ஒருமுறை முழுக்க ஏற்றி, முழுக்க இறக்கிப் பார்த்தார். இறக்கியபோது கடைசிச் சில சுற்றுகளில் சத்தம் மாறியது. கதவு அடிப்பலகையில் உட்காருகிற சத்தம். காதை அதில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் கையைத் துடைத்தார். அந்தக் கதவு அன்று திறக்காமல் மாட்டிக்கொண்டிருந்தாலோ, மூடாமல் நின்றிருந்தாலோ, எங்கள் கையில் இருந்த ஒரே முடிவு எங்களை விட்டுப் போயிருக்கும். ஏரியை நிர்வகிப்பது என்று பேப்பரில் எழுதுகிறோம். அடிப்படையில் அது, கதவு எந்த நேரத்திலும் சொன்னபடி கேட்கும் நிலையில் இருப்பதுதான். அந்த ராத்திரிக்குப் பிறகு நான் வேலை பார்த்த ஒவ்வொரு இடத்திலும் பராமரிப்பை ஏப்ரலுக்குள் முடிக்க வேண்டும் என்று வற்புறுத்தினேன். மே, ஜூன் நமக்குச் சொந்தம் என்ற எண்ணம் போய்விட்டது.

சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் தனித்தனியானவை அல்ல. பூண்டியிலிருந்து சோழவரத்துக்கும் புழலுக்கும் போகும் கால்வாய் உண்டு. செம்பரம்பாக்கத்துக்கு இணைப்புக் கால்வாய் உண்டு. பூண்டிக்குக் கீழே தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் ஆற்று நீரை மறித்துச் சோழவரத்துக்குத் திருப்பலாம். எங்கள் ஊரைத் தாண்டிப் போகும் கூவத்தையும் கொரட்டூர் அணைக்கட்டில் மறித்துச் செம்பரம்பாக்கத்துக்கு அனுப்பலாம். தெருக்குழாயில் தண்ணீர் வரும் அரைமணி நேரத்தில், குழாயடியில் எந்தக் குடமும் நிரம்பி வழியாமல், நிரம்பியதை நகர்த்திக் காலிக்குடத்தை வைக்கிறார்கள் அல்லவா, கோடை மழையில் எங்களுக்கும் அதே வேலை. இதில் குழாயடியில் இருப்பது பூண்டி. ஆறு நேராக வந்து விழும் இடம் அதுவே. அங்கே சேர்ந்த தண்ணீரை அங்கேயே தேக்கி வைத்து அழகு பார்க்கக் கூடாது. புழலிலும் செம்பரம்பாக்கத்திலும் இடம் இருக்கும்போதே அங்கே அனுப்பிவிட்டு, பூண்டியை அடுத்த வரவுக்குத் தயாராக வைக்க வேண்டும். கோடையில் வெயிலும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டே இருக்கும். கிருஷ்ணா ஒப்பந்தத்திலேயே 15 டி.எம்.சி.யில் 3 டி.எம்.சி.யை வழிச் சேதத்துக்கு என்று கழித்துவிட்டுத்தான் நமக்கு 12 என்று எழுதினார்கள். நின்ற இடத்தில் நிற்கும் தண்ணீர் குறைந்துகொண்டே போகும்.

நகர்த்துவதற்கும் ஓர் எல்லை உண்டு. எல்லாக் குடத்திலும் பழைய தண்ணீர் மிச்சமிருக்கும் கோடையில்தான் உண்மையான சங்கடம் வரும். அப்படி ஒரு கோடையை 2016-ல் பார்த்தேன்.

அதற்கு முந்தைய டிசம்பரை இந்தப் பகுதியில் யாரும் மறக்க முடியாது. 2015 டிசம்பர் முதல் தேதி இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி அடையாற்றில் போனது. சென்னை மூழ்கியது. பூண்டியும் கொசஸ்தலை ஆற்றில் பெரும் வெள்ளத்தை வெளியேற்றியது. அந்த நாட்களில் எங்கள் அலுவலகத்திலிருந்து வெள்ள எச்சரிக்கை போகும்போது ஒரு ஊர்ப் பட்டியல் கூடவே போகும். நம்பாக்கம், கிருஷ்ணாபுரம், ஆற்றம்பாக்கம், ஒதப்பை, நெய்வேலி, எறையூர், மெய்யூர், வெள்ளியூர், தாமரைப்பாக்கம், திருக்கண்டலம், பண்டிக்காவனூர், சீமாவரம், வெள்ளிவாயல்சாவடி, நாப்பாளையம், இடையஞ்சாவடி, மணலி புதுநகர், சடையங்குப்பம், எண்ணூர். ரேடியோவில் கேட்பவர்களுக்கு அது பெயர் வரிசை. எனக்கு ஒவ்வொன்றும் ஒரு தரைப்பாலம், ஒரு கரை உடைப்பு, ஒரு முகம். அப்போதெல்லாம் ஒதப்பை தரைப்பாலம் மூழ்கினால் திருவள்ளூர்–ஊத்துக்கோட்டை ரோடு துண்டாகிவிடும். மெய்யூர் தரைப்பாலம் மூழ்கினால் அக்கரைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாது. எண்ணூர் முகத்துவாரத்தில் கடல் ஏற்றமாக இருந்தால் வெள்ளம் வடியாமல் மணலிப் பக்கம் தேங்கி நிற்கும்.

அந்த அனுபவம் ஆறாமல் இருந்தபோதே 2016 மே வந்தது. அடுத்த மழைக்கு ஐந்து மாதம் இருக்கும் நிலையில், பெருவெள்ளம் விட்டுச்சென்ற தண்ணீர் ஏரிகளில் இன்னும் இருந்தது. மே 16 சட்டமன்றத் தேர்தலுக்கு ஓட்டுப் போட்டோம். மறுநாளே வானம் மூடியது. இலங்கை பக்கம் உருவான தாழ்வு மண்டலம், பின்னால் ரோனு புயல் என்று பெயர் பெற்றது, கரையை ஒட்டியே வடக்கே ஏறியது. இலங்கையில் அரநாயக்கவில் மலை சரிந்து பலர் மண்ணுக்குள் புதைந்தார்கள். சென்னையிலும் திருவள்ளூரிலும் அக்னி நட்சத்திரக் காலத்தில் விடாமல் கொட்டியது.

என் கைபேசி ஓயவில்லை. “சார், பூண்டியத் தொறக்கப் போறாங்களாமே, வாட்ஸ்அப்ல வந்துச்சு” என்று ஒருவர். “தொறந்து விட்டுடுங்க சார், டிசம்பர் மாதிரி மொத்தமாத் தொறந்தா தாங்க மாட்டோம்” என்று இன்னொருவர். மணவாள நகர் டீக்கடையில் எனக்கு நன்றாகத் தெரிந்தவர்களே என்னைக் குறுக்குக் கேள்வி கேட்டார்கள். “ஏரில இருக்குற தண்ணியெல்லாம் இப்பவே காலி பண்ணிட்டா மழைக்காலத்துல நிம்மதியா இருக்கலாம் இல்ல?” அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. டிசம்பரில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்தவர் ஏரியைக் காலியாகப் பார்த்தால்தான் தூங்குவார்.

நான் அவர்களுக்குச் சொன்னது இதுதான். மே மாதம் வரும் மழை பூண்டிக்கு ஆபத்து தரும் அளவு அல்ல, ஏரியில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது. அக்டோபருக்குள் நகரம் குடிக்கும், வெயில் குடிக்கும், மட்டம் தானே இறங்கும். இன்றைக்குப் பயந்து ஆற்றில் விட்டால் எண்ணூர் போய்க் கடலில் சேரும், திரும்ப வராது. அக்டோபரில் மட்டம் எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் வெள்ளத்துக்கு எத்தனை அடி இடம் விடுவது என்று முடிவு செய்ய வேண்டும். சிலர் ஏற்றுக்கொண்டார்கள். சிலர், “ஆபீசர் அப்படித்தான் சொல்லுவாரு” என்று எழுந்து போனார்கள். அவர்களுக்கு எதிராக என் மனதில் ஒன்றும் இல்லை. நம்பிக்கை ஒருமுறை அடித்துக்கொண்டு போய்விட்டால் பேச்சால் மட்டும் அதைத் திரும்பக் கட்ட முடியாது.

அடுத்து நடந்ததை யாருமே நினைத்துப் பார்க்கவில்லை. 2016-ன் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 விழுக்காடு குறைந்துபோனது. நூற்று நாற்பது ஆண்டுகளில் அப்படி ஒரு மோசமான பருவமழை இல்லை. டிசம்பரில் வர்தா புயல் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது, பஞ்சத்தைத் தீர்க்கவில்லை. 2017 கோடையில் ஏரிகளின் அடி தெரிந்தது. கல்குவாரியில் தேங்கிய தண்ணீரைச் சுத்திகரித்து நகரத்துக்குக் கொடுத்தார்கள். பூண்டி, தாமரைப்பாக்கம் பகுதி விவசாயக் கிணறுகளிலிருந்து குழாய் போட்டு எடுத்தார்கள். மே மாதத்தில் ‘காலி பண்ணிடுங்க’ என்று கேட்ட அதே ஆற்றோர ஊர்களில் கிணறு கீழே போயிற்று. அந்தக் கோடை மழையில் ஏரியில் சேர்ந்த ஒவ்வோர் அடியும் நகரத்தின் பல நாள் குடிநீர். இரண்டு வருடம் கழித்து, 2019-ல் நிலைமை இன்னும் மோசமாகி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது, டீக்கடையில் என்னிடம் கேள்வி கேட்டவர்களில் ஒருவர் பிளாஸ்டிக் குடத்தோடு லாரிக்காகத் தெருவில் நின்றிருந்தார். நானும் அந்த வரிசையில்தான் நின்றேன்.

செம்பரம்பாக்கத் திறப்பு பற்றிய மத்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கை 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அதை வரி விடாமல் படித்தேன். அறிக்கைகள் வெள்ளத்துக்குப் பிறகு எழுதப்படுகின்றன. முடிவு எடுக்கிறவர் மழைக்கு நடுவில், அடுத்த ஆறு மணி நேரத்தில் எத்தனை பெய்யும் என்று தெரியாமல் நிற்கிறார். அதனால்தான் முடிவை மழைக்கு முன்பே, வெயில் அடிக்கும் நாளில், எழுத்தில் எடுத்துவைக்க வேண்டும் என்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்தின் கதை இதற்குப் பெரிய பாடம். 1974 வெள்ளத்துக்குப் பிறகு அவர்கள் வைவன்ஹோ அணையைக் கட்டினார்கள். அதில் குடிநீருக்கான கொள்ளளவுக்கு மேலே, வெள்ளத்தைப் பிடித்து வைப்பதற்கென்றே அதைவிடப் பெரிய ஓர் இடத்தைத் தனியாக ஒதுக்கினார்கள். சாதாரண நாளில் அந்த இடம் வெறுமையாகவே இருக்க வேண்டும் என்பது விதி. அப்படி இருந்தும், பல ஆண்டு வறட்சியால் தவித்துப்போன ஊரில், 2010–11 கோடை வழக்கத்துக்கு மாறாக மழையாகக் கொட்டியபோது அங்கேயும் அதே தடுமாற்றம். அவர்களுக்கு டிசம்பர், ஜனவரிதான் கோடை. தண்ணீரை வைத்துக்கொள்வதா, முன்கூட்டியே விடுவதா? 2011 ஜனவரியில் பிரிஸ்பேன் மூழ்கியது. விசாரணை கமிஷன், வழக்கு என்று பல ஆண்டுகள் ஓடின. 2019-ல் ஒரு நீதிமன்றம் அணையை நடத்தியவர்கள் மீது பிழை கண்டது. அணையை நடத்திய அமைப்பு மேல்முறையீடு செய்ய, 2021-ல் தீர்ப்பு அதற்குச் சாதகமாக மாறியது. தனியாக வெள்ள இடம் வைத்திருந்த, வசதியுள்ள, கருவிகள் நிறைந்த ஊருக்கே இந்தக் கதி. பூண்டியில் அப்படி ஒதுக்கிய இடம் கிடையாது. குடிநீருக்கென்று கட்டிய ஏரியிலேயே வெள்ளத்துக்கும் இடம் பார்க்க வேண்டும். நாம் எத்தனை கவனமாக இருக்க வேண்டும்!

ஓய்வு பெற்ற பிறகும் கோடை மழைகள் என்னை விடவில்லை. 2023 ஜூன் 19 அன்று காலை, மழையால் திருவள்ளூர், சென்னை மாவட்டங்களில் பள்ளிகளுக்கு விடுமுறை. ஜூன் மாதத்தில் மழை லீவு என்பதைப் பேரன் நம்பவே இல்லை. மீனம்பாக்கத்தில் 16 சென்டிமீட்டர் பதிவானது. 1996-க்குப் பிறகு இப்படி ஒரு ஜூன் மழையை நான் பார்த்ததில்லை. அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து கொசஸ்தலையும் கூவமும் கரை புரண்டன. 2025 மே மாதம் நாடு முழுவதற்கும் கணக்கிட்டால் 1901 முதலான பதிவுகளிலேயே மிக அதிக மழை பெய்த மே என்று வானிலைத் துறை சொன்னது. வழக்கமாக ஜூன் முதல் தேதி கேரளத்தைத் தொடும் பருவமழை மே 24-ஆம் தேதியே வந்துவிட்டது. மேட்டூர் ஜூன் மாதம் முடிவதற்குள் நிரம்பியது. ஈரமான கோடை இனி அபூர்வம் அல்ல என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நம் பழுதுபார்க்கும் அட்டவணை, டெண்டர், பயிற்சி எல்லாம் இன்னும் அக்டோபர் ஒன்றாம் தேதியைக் குறிவைத்தே ஓடுகின்றன.

தண்ணீர் நிற்க இடமும் போதாது. 1944-ல் பூண்டி திறந்த பிறகு சென்னைக்கென்று புதிதாக ஓர் ஏரி வருவதற்கு 2020 நவம்பர் ஆயிற்று. கும்மிடிப்பூண்டி தாலுகாவில் இரண்டு பழைய ஏரிகளை இணைத்துக் கட்டிய கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை. கொள்ளளவு 500 மில்லியன் கன அடி, நகரத்துக்கு அரை மாதத் தண்ணீர். நல்ல வேலை, அதற்கு உழைத்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் எழுபத்தாறு ஆண்டுகளில் நகரமும், மணவாள நகரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை பரவிய தொழிற்பேட்டைகளும் எத்தனை மடங்கு வளர்ந்தன என்று பார்த்தால் அந்த 500 எவ்வளவு சிறியது என்று புரியும். புதிதாகத் தோண்டுவதற்கு முன் இருப்பதை மீட்கலாம். இந்த மாவட்டம் ஏரி மாவட்டம். ஊருக்கு ஒரு ஏரி, ஏரிக்கு ஒரு வரத்துக்கால், ஒரு கலங்கல். வரத்துக்கால் அடைபட்ட ஏரி கோடை மழையில் நிரம்பாது. அதில் நிற்க வேண்டிய தண்ணீரும் சேர்ந்து பூண்டிக்கு வந்து நிற்கும், இல்லையென்றால் தெருவில் நிற்கும்.

இளைய பொறியாளர்கள் சிலர் இப்போதும் என்னைப் பார்க்க வருகிறார்கள். அவர்கள் கையில் நிமிடத்துக்கு நிமிடம் நீர்மட்டம் காட்டும் கருவி இருக்கிறது, ரேடார் படம் இருக்கிறது. நல்லதுதான். அவர்களிடம் நான் கேட்பது மூன்று காரியங்கள். முதலாவது, மதகு வேலைகளை ஏப்ரலில் முடித்து, ஒவ்வொரு கதவையும் முழுக்க ஏற்றி இறக்கிப் பார்த்துவிடுங்கள். இரண்டாவது, மாதவாரியாக எந்த மட்டத்தில் எதைச் செய்வது என்று ஒரு பட்டியலைக் கோடையிலேயே தயார் செய்து கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஜூனில் இந்த அடியைத் தொட்டால் புழலுக்கு, அந்த அடியைத் தொட்டால் செம்பரம்பாக்கத்துக்கு, அதற்கும் மேலே போனால்தான் ஆற்றுக்கு என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். நடுராத்திரியில் ஒரு தனி மனிதர் தன் வேலையையும் ஆயிரம் வீடுகளையும் தராசில் வைத்து நிறுக்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

மூன்றாவதுதான் முக்கியம். அந்தப் பட்டியலைத் தமிழில் அச்சடித்து நம்பாக்கம் முதல் எண்ணூர் வரை ஒவ்வொரு ஊராட்சி, வார்டு அலுவலகச் சுவரிலும் ஒட்டுங்கள். இன்றைய மட்டம் இது, இன்னும் இத்தனை அடி ஏறினால் திறப்போம், திறந்தால் உங்கள் தரைப்பாலத்துக்கு இத்தனை மணி நேரத்தில் தண்ணீர் வரும் என்று வெயில் காலத்திலேயே ஜனங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். தெரிந்தால் மே மாத மழைக்குப் பயந்து ஏரியைக் காலி செய்யச் சொல்ல மாட்டார்கள், நவம்பரில் சொன்னதும் வீட்டை விட்டு எழுந்து போவார்கள். கொசஸ்தலையில் தண்ணீரை விடுகிறவர்கள் நாம். எண்ணூர்க் கழிமுகத்தில் வலையோடு நிற்கிறவருக்கு நம் செய்தி தண்ணீருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாக வேண்டும். சம்பளம் வாங்கிய காலத்திலும் இதைத்தான் சொன்னேன், பென்ஷன் வாங்கும் காலத்திலும் இதையேதான் சொல்கிறேன்.